தரலைன்னா யார்கிட்ட போய்க் கேட்பது? – பாப்புலிச அரசுகள் பற்றிச் சில குறிப்புகள்

1956 மார்ச் மாதம் அர்ஜென்டினாவின் ராணுவ அரசு ஓர் ஆணை போட்டது. எண் 4161. ஹுவான் பெரோன் என்ற பெயரை இனி பொதுவில் யாரும் சொல்லக் கூடாது, அச்சிடவும் கூடாது. அவருடைய மறைந்த மனைவி எவிட்டாவின் பெயரும் கூடாது. அவர்கள் படம், கட்சிச் சின்னம், கட்சிப் பாட்டு எதுவும் கூடாது. மீறினால் 30 நாளில் இருந்து 6 வருஷம் வரை சிறை. பத்திரிகைக்காரர்களுக்குத்தான் தலைவலி. நாடு கடந்து போன முன்னாள் அதிபரைப் பற்றிச் செய்தி போடணும், ஆனா பெயர் போடக் கூடாது. "தப்பியோடிய கொடுங்கோலன்" என்று எழுதிச் சமாளித்தார்கள்.

அதே வருஷம் டிசம்பர் வந்தது. தொழிலாளர்களுக்கு வழக்கம்போல அகினால்டோ கிடைத்தது. அகினால்டோ என்றால் பதின்மூன்றாவது மாதச் சம்பளம். நம்மூர் தீபாவளி போனஸ் மாதிரி, ஆனால் எல்லா முதலாளிகளும் கட்டாயம் கொடுத்தாக வேண்டியது. அதைக் கொண்டுவந்தவர் யார்? பெயர் சொல்லக்கூடாத அந்த மனிதர்தான். பெயரை அழித்தவர்களால் அந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியவில்லை. இன்றைக்கும் அர்ஜென்டினாவில் அது இரண்டு தவணையாகக் கிடைக்கிறது.

ஆனால் அதே பெரோன் காலத்தில், அதே ஏழைகளுக்காக நடந்த எவிட்டாவின் அறக்கட்டளை? ராணுவம் வந்ததும் இழுத்து மூடப்பட்டது. அவர் பெயரும் படமும் இருந்த பொருட்கள் அழிக்கப்பட்டன. மருத்துவமனை, விடுதி எல்லாம் கைமாறின, சில பாதியில் நின்றன.

ஒரே ஆட்சி, ஒரே தம்பதி, ஒரே மக்கள். ஒன்று நின்றது, ஒன்று காணாமல் போனது. ஏன்? சில மாதங்களாக வெவ்வேறு நாட்டு வரலாறுகளை வாசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியே திரும்பத் திரும்ப வந்து நின்றது. நோட்டில் குறித்து வைத்ததைக் கோர்த்து எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சொல்

பாப்புலிசம் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதிலேயே நமக்கு ஒரு தெளிவு இல்லை. "ஜனரஞ்சக அரசியல்" என்பார்கள், "வெகுமக்களியம்" என்பார்கள், செய்திச் சேனல்களில் "கவர்ச்சித் திட்டம்". கடைசிச் சொல்தான் அதிகம் புழங்குகிறது, குழப்பமும் அதில்தான். பாப்புலிசம்னா இலவசம், இலவசம்னா ஓட்டுக்கு லஞ்சம், அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறோம்.

ஆய்வாளர்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை. தூய்மையான மக்கள் ஒரு பக்கம், ஊழல்பட்ட மேல்தட்டு ஒரு பக்கம் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவதுதான் பாப்புலிசம் என்கிறார் காஸ் முட். நான் மட்டுமே உண்மையான மக்கள், எதிர்ப்பவன் மக்களே இல்லை என்று சொல்வதுதான் அதன் அடையாளம் என்கிறார் யான்-வெர்னர் முல்லர். எர்னெஸ்டோ லக்லாவ் ஓர் அர்ஜென்டினாக்காரர், பெரோனிய அரசியலுக்கு நடுவே வளர்ந்தவர். நிறைவேறாத கோரிக்கைகள் ஒன்றோடொன்று சேர்ந்து "மக்கள்" என்ற ஒன்றை உருவாக்குவதே அரசியல் என்று அதற்கு மரியாதையான இடம் கொடுத்தார். டார்ன்புஷ், எட்வர்ட்ஸ் என்ற பொருளியலாளர்கள் 1991இல் சொன்னது நேர் எதிர். முதலில் கூலி ஏறும், கடைகள் நிறையும், பிறகு தட்டுப்பாடு, பிறகு பணவீக்கம், கடைசியில் தொடங்கிய இடத்தைவிட ஏழைகள் கீழே போவார்கள் என்றார்கள்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தலைவர் என்ன பேசினார், கஜானா என்ன ஆனது என்றே பார்க்கின்றன. திட்டத்துக்காக வரிசையில் நின்ற ஆளின் இடத்தில் இருந்து பார்த்தால் கேள்வி வேறு. எனக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

இந்தச் சொல் பிறந்த இடத்தில் இருந்தே தொடங்கலாம். 1892இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் கடனில் மூழ்கிய விவசாயிகள் கூடி மக்கள் கட்சி என்று ஒன்றின் கொள்கை அறிக்கையை வெளியிட்டார்கள். அவர்களைத்தான் முதலில் பாப்புலிஸ்ட் என்று அழைத்தார்கள். வருமானத்துக்கு ஏற்ப வரி போடு, செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும், ரயில்வேயை அரசு எடுத்துக்கொள்ளட்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அந்த வருஷ அதிபர் தேர்தலில் பத்து லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கியும் ஆட்சிக்கு வரவில்லை. சில வருஷத்தில் கட்சியே கரைந்து போனது. ஆனால் 1913க்குள் வருமான வரியும் செனட்டுக்கு நேரடித் தேர்தலும் அரசியல் சாசனத் திருத்தமாகவே வந்துவிட்டன. பெரிய தலைவர் இல்லை, சிலை இல்லை, ஆனாலும் கேட்டதில் பாதி நிலைத்தது. இதை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லூசியானா: பாடப்புத்தகமும் பணப்பெட்டியும்

அந்த மக்கள் கட்சி வலுவாக இருந்த இடங்களில் ஒன்று லூசியானா மாநிலத்தின் வின் பாரிஷ். பாரிஷ் என்றால் அங்கே மாவட்டம் மாதிரி. அங்கே 1893இல் பிறந்தவர் ஹூயி லாங். 1928இல் மாநில ஆளுநர் ஆனார். அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

லாங் வந்தபோது அந்த மாநிலத்தில் தார், கான்கிரீட் போட்ட சாலை சில நூறு மைல்தான். அதை ஆயிரக்கணக்கான மைலாக்கினார். பாலங்கள் கட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இலவசம் என்றார். எண்ணெய் எடுப்பவர்கள் மீது போட்ட வரிதான் அதற்குப் பணம். கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புத்தகம் உண்டு என்றதும், பொதுப்பணம் தனியார் பள்ளிக்குப் போகலாமா என்று வழக்கு. புத்தகம் பள்ளிக்குப் போகவில்லை, பிள்ளைக்குத்தான் போகிறது என்பது அரசின் வாதம். 1930இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

இது ஒரு முகம். இன்னொரு முகமும் உண்டு. மாநில அரசு ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பங்கு லாங்கின் கட்சி நிதிக்குப் போனது. அந்தப் பணம் இருந்ததாகச் சொல்லப்படும் பெட்டிக்கு "கழிவுப் பெட்டி" என்றே பெயர். 1929இல் அவரைப் பதவிநீக்கம் செய்யப் பார்த்தார்கள். சாட்சியம் எதுவாக இருந்தாலும் நாங்கள் அவருக்கு எதிராக வாக்களிக்க மாட்டோம் என்று 15 செனட்டர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கதை முடிந்தது. 1934இல் வாரத்துக்கு 20,000 பிரதிகளுக்கு மேல் விற்கும் பத்திரிகைகளின் விளம்பர வருமானத்துக்கு மட்டும் 2 சதவீத வரி. அந்த அளவுகோலில் மாட்டிய 13 பத்திரிகைகளில் 12 அவரை எதிர்த்தவை. தற்செயலா என்ன?

1935 செப்டம்பரில் தலைநகர் பேட்டன் ரூஜில், அவரே கட்டிய சட்டமன்றக் கட்டடத்துக்குள் சுடப்பட்டு, இரண்டு நாளில் இறந்தார். அடுத்த சில மாதத்தில் அந்தப் பத்திரிகை வரியை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது.

கவனியுங்கள். அதே நீதிமன்றம் புத்தகத்தை அனுமதித்தது, பத்திரிகை வரியைத் தூக்கி எறிந்தது. லாங்கால் தன் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லோரையும் வளைக்க முடிந்தது. வாஷிங்டனில் இருந்த ஒன்பது நீதிபதிகளை வளைக்க முடியவில்லை. அவர் கை எட்டாத ஒரு நடுவர் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம். இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1934இல் தலைவரி கட்டினால்தான் ஓட்டு என்ற விதியை லாங் ஒழித்தார். ஏழை வெள்ளையர்களுக்கு வாசல் திறந்தது. கறுப்பின மக்களை வெளியே நிறுத்திய மற்றத் தடைகள் அப்படியே இருந்தன. "மக்கள்" என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

அர்ஜென்டினா: இரண்டு வாசல்கள்

பெரோன் வானத்தில் இருந்து குதிக்கவில்லை. 1930இல் ஒரு ராணுவப் புரட்சி, அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டு மோசடி. அந்த மோசடிக்கு ஆட்சியாளர்களே வைத்த பெயர் "தேசபக்த மோசடி". நாட்டு நன்மைக்காக உங்கள் ஓட்டை நாங்கள் திருடுகிறோம் என்று அர்த்தம்! சட்டம், நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் இருந்தன. தொழிலாளிக்கு எதுவும் இல்லை.

1943இல் மறுபடி ராணுவ ஆட்சி. அதில் கர்னல் பெரோன் கேட்டு வாங்கியது யாரும் மதிக்காத தொழிலாளர் துறை. கூலி ஒப்பந்தம், சம்பளத்தோடு விடுமுறை, ஓய்வூதியம், தொழிலாளர் நீதிமன்றம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். 1945 அக்டோபரில் சக அதிகாரிகள் அவரைக் கைது செய்ததும், 17ஆம் தேதி புவனஸ் அயர்ஸின் புறநகர்த் தொழிலாளர்கள் தலைநகருக்குள் திரண்டு வந்து மீட்டார்கள். அந்த டிசம்பரில் அகினால்டோ ஆணை. முதலாளிகள் ஜனவரியில் கதவடைப்பு நடத்தினார்கள். பிப்ரவரி தேர்தலில் பெரோன் ஜெயித்தார்.

இப்போது இரண்டு வாசல்களைப் பார்க்கலாம். ஒரு தொழிலாளிக்கு அகினால்டோ வரவில்லை. அவர் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம், சங்கத்தில் சொல்லலாம். பெரோனுக்கு ஓட்டுப் போட்டாயா என்று யாரும் கேட்கத் தேவையில்லை. சம்பளச் சீட்டு போதும்.

இன்னொரு வாசல் எவிட்டாவுடையது. 1948இல் அவர் பெயரில் அறக்கட்டளை. நீங்கள் அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். அழைப்பு வந்தால் வரிசையில் நிற்க வேண்டும். அவர் மணிக்கணக்கில், பல நாள் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்து ஒவ்வொருவர் கதையாகக் கேட்பார். தையல் இயந்திரம், கட்டில், மருந்து, வீடு. தொழுநோயாளியை அணைத்துக்கொண்டார், அருவருப்புப் படவில்லை என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. வறுமையிலும் முறையற்ற பிறப்பு என்ற அவமானத்திலும் வளர்ந்த பெண் அவர். பழைய சீமாட்டிகளின் தர்மத்தில் இருந்த இழிவை அவர் வெறுத்தார்.

ஆனால் அமைப்பு எப்படி இருந்தது? பணம் தொழிலாளர் சம்பளப் பிடித்தம், அரசு நிதி, கம்பெனிகளின் "நன்கொடை" என்று வந்தது. நன்கொடை என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டதற்குக் காரணம் உங்களுக்கே புரியும். கணக்கு கேட்க ஆள் இல்லை. கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால் மேல்முறையீடு எங்கே? கடவுளிடம்தான். 1952 ஜூலையில் 33 வயதில் எவிட்டா இறந்தபோது, அந்த வாசலில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் போய்விட்டார்.

நடுவர்கள் விஷயத்தில் பெரோன் ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தார். 1947க்குள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் நாடாளுமன்றப் பதவிநீக்கம் மூலம். 1949இல் மறுபடி போட்டியிட வசதியாகப் புதிய சாசனம். 1951இல் லா பிரென்சா நாளிதழைப் பறிமுதல் செய்தார்கள். போர்க்காலத்தில் சேர்ந்த அந்நியச் செலாவணி தீர்ந்தது. விவசாயிகளிடம் குறைந்த விலைக்கு வாங்கி வெளிநாட்டில் அதிக விலைக்கு விற்றுக்கொண்டிருந்த அரசு நிறுவனத்துக்கும், உலக விலை சரிந்ததும் லாபம் நின்றது. 1952 வறட்சியில் கோதுமை விளையும் நாடான அர்ஜென்டினா தினை கலந்த கறுப்பு ரொட்டி சாப்பிட்டது.

1955இல் ராணுவம் அவரை விரட்டியது. எவிட்டாவின் உடலைக்கூடக் களவாடி, இத்தாலியில் மிலான் நகரில் வேறு பெயரில் புதைத்தார்கள். 1949 சாசனத்தை ரத்து செய்தார்கள். பெரோன் கட்சிக்குத் தடை போட்டுவிட்டு 1957இல் ஒரு சாசன மாநாடு கூட்டினார்கள். அந்த மாநாடு பழைய 1853 சாசனத்தில் சேர்த்தது என்ன தெரியுமா? 14 பிஸ் என்ற பிரிவு. குறைந்தபட்சக் கூலி, சம்பளத்தோடு ஓய்வு, வேலைநிறுத்த உரிமை, சமூகப் பாதுகாப்பு. பெயரைச் சொல்லக் கூடாது, ஆனால் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது! பத்து வருஷத்தில் அது பரிசு என்ற நிலையில் இருந்து உரிமை என்ற நிலைக்கு நகர்ந்துவிட்டது.

தாய்லாந்து: ஒரே குடும்பம், இரண்டு திட்டம்

அடுத்த ஆள் தொழிலாளர் தலைவரோ கர்னலோ அல்ல. கைபேசி வியாபாரத்தில் பெரும் பணக்காரரான தக்சின் ஷினவத்ரா. 1997 நிதி நெருக்கடியில் பாட் மதிப்பு விழுந்து, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளில் தாய்லாந்து நெரிபட்டுக்கொண்டிருந்த காலம். 2001 ஜனவரியில் மூன்று வாக்குறுதிகளோடு ஜெயித்தார். விவசாயிகளுக்கு மூன்று வருஷம் கடன் நிறுத்தம், கிராமத்துக்குப் பத்து லட்சம் பாட் சுழல்நிதி, எந்த நோய்க்கும் ஒரு முறை மருத்துவமனை போக 30 பாட்.

அந்த 30 பாட் திட்டம் தக்சின் மூளையில் உதித்தது இல்லை. பல வருஷமாகக் கிராமங்களில் வேலை பார்த்த மருத்துவர்கள், குறிப்பாக சங்குவான் நித்தயாரம்பொங், கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கட்சிகளிடம் எடுத்துப் போனார்கள். தக்சின் கட்சி பிடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் பொதுநல அமைப்புகள் 50,000 பேருக்கு மேல் கையெழுத்து வாங்கி மசோதாவாகவே கொடுத்தன. 1997 சாசனத்தில் அதற்கு வழி இருந்தது. 2002இல் சட்டம் வந்தது. திட்டத்தை நடத்தத் தனி அலுவலகம், அதன் வாரியத்தில் நோயாளிகள் தரப்புக்கும் இடம். மருத்துவமனைக்குப் பணம், பதிவு செய்த தலைக்கு வருஷம் இவ்வளவு என்று. முதல் கட்டத்தில் 1,202 பாட். காப்பீடே இல்லாத சுமார் 1.8 கோடிப் பேர் உள்ளே வந்தார்கள். புகார் சொல்ல 1330 என்று ஒரு தொலைபேசி எண்கூட உண்டு.

2006 செப்டம்பரில் ராணுவம் தக்சினைக் கவிழ்த்தது. அவர் ஞாபகமே இருக்கக் கூடாது என்று நினைத்த அரசு அந்தத் திட்டத்தை என்ன செய்தது? ஒழிக்கவில்லை. 30 பாட் கட்டணத்தை எடுத்துவிட்டு முழு இலவசமாக்கியது. பெயரில் இருந்த முப்பது போனது, திட்டம் நின்றது. அர்ஜென்டினா ஆணை ஞாபகம் வருகிறதா?

2011இல் அவர் தங்கை யிங்லக் பிரதமர் ஆனார். சந்தை விலையைவிட ஏறக்குறைய பாதி கூடுதலாக, டன்னுக்கு 15,000 பாட் கொடுத்து அரசே நெல் வாங்கும் என்றார். பதுக்கி வைத்தால் உலக விலை ஏறும், லாபத்துக்கு விற்கலாம் என்று கணக்கு. அதே நேரம் இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசி ஏற்றுமதிக்கு இருந்த தடையை நீக்கியது. விலை ஏறவில்லை. 2012இல் அரிசி ஏற்றுமதியில் முதலிடம் இந்தியாவுக்கு வந்தது, தாய்லாந்துக் கிடங்குகளில் அரிசி மட்கியது. 2014 தொடக்கத்தில் நெல் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த விவசாயிகள் பாங்காக் சாலைக்கு வந்தார்கள். கையில் ரசீது இருந்தது, எதிரே பணம் இல்லை. அந்த மே மாதம் மறுபடி ராணுவப் புரட்சி.

ஒரே குடும்பம், ஒரே ஓட்டு வங்கி. ஒரு திட்டத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்ற அளவு, சட்டம், தனி வாரியம். இன்னொன்றுக்கு எல்லை இல்லாத வாக்குறுதியும் உலகச் சந்தை மேல் ஒரு சூதாட்டமும்.

தக்சினைப் பற்றி எழுதும்போது 30 பாட்டோடு நிறுத்தினால் அது பொய். 2003இல் போதைப்பொருளுக்கு எதிரான போர் என்று மூன்று மாதம் நடந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். விசாரணை இல்லை. நடந்தபோது பெரும்பாலான மக்கள் கைதட்டினார்கள் என்பதுதான் இன்னும் சங்கடமான விஷயம். 2004 அக்டோபரில் தென்பகுதியில் தக் பாய் என்ற ஊரில் கைது செய்த முஸ்லிம் ஆர்ப்பாட்டக்காரர்களை லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டுபோனதில் 78 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். மருத்துவமனையில் உரிமை பெற்ற அதே குடிமகனுக்கு, போலீஸ் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் போய்க் கேட்க இடமில்லை.

வெனிசுவேலா: காகிதத்தில் இருந்த உரிமை

இதுவரை படித்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். சட்டமாக்கினால் நிற்கும், தலைவர் கையால் கொடுத்தால் போகும். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெனிசுவேலா அதைக் கலைத்துப் போட்டது.

1989 பிப்ரவரியில் பேருந்துக் கட்டண உயர்வை எதிர்த்து கராகஸ் கொந்தளித்தது, ராணுவம் சுட்டு நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தக் காயத்தில் இருந்து எழுந்தவர் ஹியூகோ சாவேஸ். 1992இல் புரட்சி செய்து தோற்று, 1998 தேர்தலில் ஜெயித்தார். 1999இல் புதிய சாசனம், வாக்கெடுப்பில் மக்களே ஏற்றது. அதன் 83ஆவது பிரிவு ஆரோக்கியத்தை அடிப்படைச் சமூக உரிமை என்கிறது. காகிதத்தில் தாய்லாந்துச் சட்டத்தைவிட அழகானது.

2002 இறுதியில் அரசு எண்ணெய் நிறுவனமான பெடெவெசாவில் பெரிய வேலைநிறுத்தம். முடிந்ததும் சுமார் 18,000 பேரை வேலையில் இருந்து நீக்கினார். அடுத்த வருஷம் "மிஷன்கள்" பிறந்தன. சேரிகளுக்குள் கியூபா மருத்துவர்கள், எழுத்தறிவு வகுப்பு, மலிவு விலைக் கடை. அதுவரை மருத்துவரே எட்டிப் பார்க்காத மலைச்சரிவுக் குடியிருப்பில் எண்கோண வடிவச் செங்கல் கட்டடம், மேலே மருத்துவர் வீடு, கீழே மருத்துவமனை. அந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் மிஷன்கள் அமைச்சகத்துக்கு வெளியே நடந்தன. பணம் நாடாளுமன்ற பட்ஜெட்டைச் சுற்றிக்கொண்டு எண்ணெய் நிறுவனத்தில் இருந்து நேராக வந்தது. எண்ணெய் அமைச்சரும் நிறுவனத் தலைவரும் ஒரே ஆள். 1998 இறுதியில் ஒரு பீப்பாய் 10 டாலர் அளவில் கிடந்த எண்ணெய், 2008இல் உலகச் சந்தையில் 140ஐத் தாண்டியதால் யாரும் கணக்குக் கேட்கவில்லை. பழைய அரசு மருத்துவமனைகள் ஒரு பக்கம் தேய்ந்தன. 2004இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எண்ணிக்கை 20இல் இருந்து 32 ஆனது, புதிதாக வந்தவர்கள் அரசுக்கு வேண்டியவர்கள். அதே வருஷம் அவரைத் திரும்பப் பெற வாக்கெடுப்பு கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியல் வெளியானது. பெயர் இருந்ததால் வேலை போனவர்கள், சலுகை போனவர்கள் பலர்.

இங்கேதான் 83ஆவது பிரிவு செத்தது. உரிமை சாசனத்தில் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுத நீதிபதி இல்லை.

2013 மார்ச்சில் சாவேஸ் இறந்தார். அடுத்த வருஷமே எண்ணெய் விலை சரிந்தது. மதுரோ காலத்தில் 2016 முதல் வீடுகளுக்கு உணவுப் பெட்டி வந்தது. பெட்டி மேல் சாவேஸ், மதுரோ படங்கள். யாருக்கு எப்போது என்பது உள்ளூர்க் குழுவின் கையில். வரவில்லை என்றால்? அண்டை வீட்டில் அழலாம், அல்லது எல்லையைத் தாண்டலாம். எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள்.

அப்படின்னா?

நான்கு நாட்டுக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான். பாப்புலிச அரசுகளை இடது, வலது என்று பிரிப்பதைவிட, நல்ல தலைவர், கெட்ட தலைவர் என்று பிரிப்பதைவிட, ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்கலாம். பணம் எங்கிருந்து வருகிறது, அந்த ஊற்று வற்றினால் என்ன ஆகும்? எந்த வழியாக வருகிறது, கணக்குப் பார்க்க யாராவது உண்டா? எனக்கு மறுத்தால், கொடுத்தவருக்கு எதிராகவே நான் முறையிட ஓர் இடம் இருக்கிறதா?

மூன்றாவது கேள்விதான் உரைகல். அகினால்டோவுக்குத் தொழிலாளர் நீதிமன்றம் இருந்தது, எவிட்டா அறக்கட்டளைக்கு எதுவும் இல்லை. தாய் மருத்துவத்துக்கு வாரியம் இருந்தது, கொலைப் பட்டியலுக்கு இல்லை. லாங்கின் பத்திரிகை வரிக்கு எதிராக ஏறிப்போக ஒரு படி இருந்தது. வெனிசுவேலாவில் உரிமையை எழுதி வைத்துவிட்டு, அந்தப் படியை உடைத்துவிட்டார்கள்.

எதிர்த்தரப்பையும் விட முடியாது. நிறுவனங்களைக் காப்பாற்றுகிறோம் என்று டாங்கியோடு வந்தவர்கள் பெயர் சொல்வதையே குற்றமாக்கினார்கள், பிணத்தைத் திருடினார்கள். தேசபக்த மோசடி நடத்தியவர்களும் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடத்தினார்கள். ஏழை ஏன் தலைவரின் வாசலில் நிற்கிறான்? பலமுறை அலுவலக வாசலில் நின்று திரும்பியவன் அவன். அந்தக் கதவு ஒழுங்காகத் திறந்திருந்தால் பாதி பெரோன்கள் வந்திருக்கவே மாட்டார்கள். இதைச் சொல்லாமல் "கவர்ச்சித் திட்டம்" என்று கிண்டல் செய்வது எனக்கு ஒப்பவில்லை.

நம்மூர்க் கதையை வேண்டுமென்றேதான் இதில் சேர்க்கவில்லை. ஒரு பத்தியில் அடக்கக் கூடியது இல்லை அது, தனியாக எழுத வேண்டும். ஆனால் அடுத்த முறை ஏதாவது ஒரு திட்டத்தைப் பற்றி டீக்கடையிலோ வாட்ஸ்அப்பிலோ சண்டை வந்தால், இலவசமா உரிமையா என்று கத்துவதற்கு முன்னால் அந்த வரிசையில் கடைசியாக நிற்கும் ஆளைப் பார்த்துக் கேளுங்கள். உனக்குத் தரலைன்னா நீ யார்கிட்ட போய்க் கேட்பே? அவருக்கு ஓர் அலுவலகத்தின் பெயரோ நீதிமன்றத்தின் பெயரோ வாயில் வந்தால் நல்லது. ஒரு மனிதரின் பெயர் மட்டும்தான் வந்தால், அந்த மனிதர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கொஞ்சம் பயப்படலாம்.